அடுத்து வருபவரின் கையெழுத்து: தெருவைத் தோண்டும் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னைத் தெருக்களில் மழைநீர் வடிகால், பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்புதைவடம், தொலைத்தொடர்புக் கம்பி, சாலை ஆகிய பணிகளைத் திட்டமிட்டு நடத்தும் தலைமைப் பொறியாளர்கள், மண்டலச் செயற்பொறியாளர்கள், அவர்களிடம் ஒப்பந்தம் எடுத்து வேலை செய்பவர்கள்.

வணக்கம்.

இதை எழுதும் நாங்கள் அளவையாளர்கள், தள மேற்பார்வையாளர்கள், ஓய்வு பெற்ற பொறியாளர்கள். உங்களிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்கிறோம். ஒரு துறை தெருவில் முடித்த வேலையை, அதே தெருவில் அடுத்து இறங்கப்போகும் துறையின் பொறியாளர் வந்து அளந்து பார்க்க வேண்டும். "ஏற்றுக்கொண்டேன்" என்று அவர் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகே முதல் துறையின் ஒப்பந்தக்காரருக்கு பில் பாஸ் ஆக வேண்டும். கேட்க எளிமையாகத் தெரியும் இந்த ஏற்பாட்டைச் சுற்றி இன்னும் ஏழெட்டு வேலைகள் மாற வேண்டியிருக்கிறது. அதனால்தான் மடல் நீள்கிறது.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 15 மண்டலங்கள், 200 வார்டுகள். மழைநீர் வடிகாலும் உட்புறச் சாலைகளும் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்புதைவடம் மின் பகிர்மானக் கழகத்துடையது. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. கண்ணாடி இழைக் கம்பி போடும் நிறுவனங்களும் எரிவாயுக் குழாய் போடுபவர்களும் வேறு. ஒவ்வொருவருக்கும் தனி நிதி, தனி டெண்டர், தனி ஒப்பந்தக்காரர். பிரிந்திருப்பதைக் குறையாக நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித் திறமை வேண்டும். ஆனால் இத்தனை பேரும் இறங்குவது ஏழு மீட்டர் அகலமுள்ள ஒரே தெருவில்.

ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. அங்கே ஒவ்வொரு துறையும் தன் தேதியைச் சொல்கிறது, மற்றவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். யாருடைய வேலை யாருடைய வேலையில் முட்டுகிறது, எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டரில் என்பது அந்த மேசைக்கு வருவதே இல்லை. அது தெரிவது பொக்லைன் வாளி குழாயை உடைத்த பிறகுதான்.

எங்களைப் பெரிதும் வருத்துவது மூடிய பள்ளத்தின் மண். குழாய் போடுபவருக்கு மீட்டர் கணக்கில் காசு. மேல்தளம் போடுபவருக்குச் சதுர மீட்டர் கணக்கில் காசு. குழாய்க்கும் தார்த் தளத்துக்கும் நடுவே இருக்கும் ஒன்று, ஒன்றரை மீட்டர் மண்ணை யாரும் தன் கணக்காக நினைப்பதில்லை. சாலை வெட்டியதற்கான சீரமைப்புக் கட்டணத்தை ஒரு துறை கட்டிவிடுகிறது, இன்னொரு துறை மேலே தளம் போடுகிறது. மண்ணை நிரப்பியவர் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

முறையாக நிரப்புவது என்றால், 15 முதல் 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகப் போட்டு, அளவாக நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் மண் இடிக்கும் இயந்திரங்களான ராம்மர் அல்லது பிளேட் காம்பாக்டரால் இடிக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் பள்ளத்துக்கு எட்டு முதல் பத்து அடுக்குகள் வரும். தெருவில் நடப்பது வேறு. தோண்டிய மண்ணை, கல், பழைய தார்க்கட்டி, பாலிதீன் பை எல்லாவற்றோடும் ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே வண்டியை இரண்டு முறை ஓட்டி, டேங்கர் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். மேல்பகுதி மட்டும்தான் இறுகுகிறது. முதல் பெருமழையில் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழ் மண் படிந்து, புதிதாகப் போட்ட தளம் ஏழெட்டு சென்டிமீட்டர் அமிழ்கிறது. பழி சாலைப் பிரிவின் மேல் விழுகிறது. அந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர், மண் நிரப்பிய அன்று தெருப்பக்கமே வரவேண்டிய அவசியம் இல்லாதபடிதான் நம் நடைமுறை இருக்கிறது.

அங்கேதான் எங்கள் கையெழுத்து யோசனை வேலை செய்யும். சாலைப் பொறியாளர் பள்ளம் மூடும்போது வருவார். 100 மீட்டருக்கு மூன்று இடத்தில் மணல் மாற்று முறையிலோ கோர் கட்டராலோ அடர்த்தியைச் சோதிப்பார். அந்தச் சோதனையை மேல் அடுக்கில் மட்டும் செய்தால் பயனில்லை, பாதி ஆழத்திலும் ஒன்று வேண்டும். ஆய்வகத்தில் கண்ட உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்தால் கையெழுத்து, வராவிட்டால் திரும்பத் தோண்டல். நாளை அந்த மண்ணின் மேல் தளம் போட்டுப் பெயர் கெடப்போவது அவருக்குத்தான் என்பதால், அவரைவிடக் கவனமாகப் பார்க்கும் மேற்பார்வையாளர் வேறு யாரும் கிடைக்கமாட்டார்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. அடுத்த துறை கையெழுத்தைப் போடாமல் இழுத்தடித்தால் முந்தைய ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்க முடியாமல் நிற்பார். அதனால் அழைப்பு கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வந்து பார்க்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு என்று விதியில் எழுதுங்கள். மறுப்பு சொன்னால் அளவோடு சொல்ல வேண்டும்: இந்த இடத்தில் இந்த மட்டம் இருக்க வேண்டும், இவ்வளவு இருக்கிறது. "சரியில்லை" என்ற வாய்ச்சொல் மறுப்பாகாது.

அடுத்தது வரிசை. தன் எடையில் ஓடும் தண்ணீரின் பாதையை நினைத்த இடத்தில் வளைக்க முடியாது. கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் சரிவை நம்பி இருப்பவை. குடிநீர்க் குழாய் அழுத்தத்தில் ஓடுவதால் ஒரு தடையின் மேலோ கீழோ ஏறி இறங்கிப் போகும். மின்வடமும் இழைக் கம்பியும் இன்னும் எளிதாக வளையும். ஆகவே இருப்பதில் ஆழமானதும் வளையாததும் முதலில்: பாதாள சாக்கடை, பிறகு வடிகால், பிறகு குடிநீர், பிறகு மின்வடம், இழைக் கம்பி, கடைசியில் சாலை. எல்லாப் பொறியாளருக்கும் தெரிந்த வரிசைதான் இது. நிதி எந்தத் துறைக்கு முதலில் வருகிறதோ அந்தத் துறை முதலில் இறங்குவதால் கலைந்துபோகிறது. நிதி முதலில் வந்துவிட்டது என்பதற்காக வடிகாலைச் சாக்கடைக்கு முன் கட்டும் தெருவில் பெரும்பாலும் இரண்டும் கெடும்.

எப்படிக் கெடும் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறோம். 300 மீட்டர் தெரு, 60 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கழிவுநீர் இணைப்புக் குழாய் வாசலைத் தாண்டி, நடுத்தெருவில் உள்ள சாக்கடைக் குழாய்க்குப் போகிறது. வடிகால் கட்டும் பக்கத்தில் 30 வீடுகள் என்றால், 30 குழாய்கள் வடிகாலின் பாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. வீட்டுத் தொட்டியில், அதாவது வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் வாசல் தொட்டியில், குழாயின் ஆழம் 45 சென்டிமீட்டர் என்று வையுங்கள். வடிகாலின் மேல்மூடி 15, உள்வெளி 90, அடித்தளம் 15, அதன் கீழே கம்பியில்லாத கான்கிரீட் (பி.சி.சி.) 10 என்றால் அதன் மொத்த ஆழம் 130 சென்டிமீட்டர். அதாவது 45-இல் வரும் குழாய் வடிகாலின் வயிற்றுக்குள் நேராக நுழைகிறது.

அங்கே ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? அவர் கையில் இருக்கும் வரைபடத்தில் அந்தக் குழாயே இல்லை. அன்று மாலைக்குள் கான்கிரீட் போட வேண்டும். குழாயை அப்படியே வடிகாலின் உள்ளே குறுக்காக விட்டுச் சுவரைக் கட்டுவார். பிறகு அதில் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கி, மழைநாளில் வடிகால் அந்த இடத்தில் அடைபடும். அல்லது குழாயை வெட்டி வடிகாலுக்குள்ளேயே திறந்துவிடுவார். அதன் பின் கழிவுநீர் வடிகால் வழியே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போகும். "வடிகாலில் சாக்கடை கலக்கிறது" என்று மாதங்கள் கழித்து வரும் புகார்களில் பலவற்றுக்கு வித்து அந்த ஒரு மாலையில் விழுந்தது.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் வழி இருக்கிறது. இணைப்புக் குழாயை வீட்டுத் தொட்டியிலேயே செங்குத்தாக இறக்கி, வடிகாலின் அடிக்குக் கீழே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கொண்டுபோகலாம். குழாயின் அடிமட்டம் சுமார் 150-இல் வரும். அங்கிருந்து மூன்று மீட்டர் தூரத்துக்கு 60-க்கு 1 என்ற சரிவில் இன்னும் 5 சென்டிமீட்டர் இறங்கும். ஆக நடுத்தெருச் சாக்கடையின் அடிமட்டம் குறைந்தது 1.6 மீட்டர் ஆழத்தில் இருந்தாக வேண்டும். தெருவின் தலைப்பகுதியில் அது 1.2 மீட்டரிலேயே இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது வடிகாலின் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டலாம், அல்லது எதிர்ப்பக்கத்துக்கு மாற்றலாம். இவற்றில் எது என்று முடிவெடுக்க இரண்டு துறைப் பொறியாளர்களும் ஒரே வரைபடத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கட்டி முடித்த பிறகு அதே முடிவை எடுக்க வடிகாலை உடைக்க வேண்டும்.

அந்த ஒரே வரைபடம் எங்கிருந்து வரும்? பழைய பதிவுகள் உதவும், ஆனால் அவற்றை நம்பித் தோண்ட முடியாது. 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த, தோண்டுவதற்கு முன் தகவல் தரும் செயலி நல்ல தொடக்கம். தோண்டப்போகிறவர் அதில் பதிந்தால் நிலத்தடிச் சொத்து வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும். இருந்தாலும் குழாய் எந்த மட்டத்தில் கிடக்கிறது என்பதைக் குழி தோண்டித்தான் பார்க்க வேண்டும். தரையை ஊடுருவும் ரேடார் மணல் பகுதிகளில் ஓரளவு கைகொடுக்கும். ஈரமான களிமண்ணில் அலை சீக்கிரம் மங்கிவிடும்.

எனவே சோதனைக் குழி. 30 மீட்டருக்கு ஒன்று, தெரு முனைகளில் கூடுதலாக ஒன்று. ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு கையால் தோண்டியது. மின்வடம் இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்திவிட்டதற்கான அனுமதி, வாங்காமல் தொடக்கூடாது. இந்தியத் தரவிதிப்படி தாழ்வழுத்த வடம் 75 சென்டிமீட்டரிலும் 11 கிலோவோல்ட் வடம் 90 சென்டிமீட்டரிலும் இருக்க வேண்டும். ஆனால் சாலையைச் சுரண்டியோ உயர்த்தியோ இருந்தால் அந்த ஆழம் மாறியிருக்கும். செங்கல் வரிசையோ எச்சரிக்கை நாடாவோ கண்ணில் பட்டவுடன் கடப்பாறையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

குழியில் கண்டதை எழுதும்போது நடக்கும் ஒரு தவறு எல்லாவற்றையும் வீணாக்குகிறது. "சாலை மட்டத்திலிருந்து 80 செ.மீ." என்று எழுதுகிறார்கள். சாலை மட்டம் நிலையானதா என்ன? சுரண்டாமல் மேலே மேலே 4 சென்டிமீட்டர் தளம் போட்ட தெரு ஐந்து முறையில் 20 சென்டிமீட்டர் ஏறிவிடும். பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் ஆணையிட்டது இதற்காகத்தான். ஆகவே ஆழத்தைக் கடல்மட்ட அடிப்படையிலான ஆர்.எல். எண்ணாக எழுதுங்கள், தூரத்தை அசையாத ஒரு சுவரிலிருந்து அளங்கள், அளவுகோலான ஸ்டாஃபைக் குழிக்குள் நிறுத்திப் படம் எடுங்கள்.

மட்டக்குறி (பெஞ்ச்மார்க்), அதாவது உயரங்களை அளக்கத் தொடங்கும் நிலையான புள்ளி, அந்த விஷயத்தில் எங்களுக்குக் கோபமே உண்டு. ஒரே வடிகால் பாதையை இரண்டு தொகுப்பாகப் பிரித்து இரண்டு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறீர்கள். ஒருவர் ஒரு கோயில் படியைப் பெஞ்ச்மார்க்காக எடுக்கிறார், மற்றவர் ஒரு மேன்ஹோல் மூடியை. சேருமிடத்தில் ஒன்றின் அடித்தளம் மற்றதைவிட 10 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. சென்னை தட்டையான ஊர். வடிகாலுக்கு 1000-க்கு 1 சரிவு கிடைப்பதே பெரிது. அந்தச் சரிவில் 10 சென்டிமீட்டர் என்பது 100 மீட்டர் நீளத்தின் முழு இறக்கம். இணைப்பில் ஏற்பட்ட அந்த ஒரு படி, மேலே 100 மீட்டருக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்து, கொசுவையும் வண்டலையும் வளர்க்கும். இந்திய நில அளவைத் துறையின் மட்டக்குறியிலிருந்து எடுத்த ஒரே தற்காலிகக் குறியை இருவருக்கும் எழுத்தில் கொடுத்து, இரண்டு அளவையாளர்களும் சேர்ந்து ஒரு நாள் சரிபார்த்தால் தீர்ந்தது. அதோடு, வடிகாலை ஆற்றுமுனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கட்டுங்கள். மேலே தொடங்கினால் கடைசியில் விடுபட்ட இணைப்பு ஒன்று எப்போதும் மிஞ்சும், ஊர்த் தண்ணீர் முழுவதும் அந்த முனையில் வந்து நிற்கும்.

சோதனைக் குழி ஏன் தோண்டப்படுவதில்லை என்றால், அதற்கு எஸ்டிமேட்டில் காசு இல்லை. "ஒப்பந்தக்காரர் தன் செலவில் கண்டறிய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். காசில்லாத வேலையை நெருக்கடியில் இருப்பவர் தாண்டிப்போவார். குழி ஒன்றுக்கு இவ்வளவு என்று தனி இனமாக எழுதுங்கள். தடைகளை நகர்த்த ஒரு தொகையையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். அந்தத் தொகை இல்லாததால், மூன்று மீட்டர் குடிநீர்க் குழாயை நகர்த்துவதற்குப் புதிய மதிப்பீடு, புதிய அனுமதி என்று கோப்பு மேலே போய்க் கீழே வருவதற்குள் பள்ளம் திறந்தபடியே மழையைச் சந்திக்கிறது.

திறந்த பள்ளம் உயிரை வாங்கும். 2022 அக்டோபரில் வடிகால் பணிக்கான பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் இறந்ததை இந்த நகரம் மறந்திருக்காது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்குத் தாங்கு பலகை, இரு கரையிலும் உறுதியான தடுப்பு, இரவில் விளக்கு, ஒவ்வொரு வாசலுக்கும் கைப்பிடியுள்ள நடைப்பலகை. இவை எந்தத் துறையின் பள்ளம் என்று பார்த்து மாறக்கூடாது. ஒரு துறை தோண்டி, அடுத்த துறைக்காகக் காத்திருக்கும் இடைநாட்களில்தான் தடுப்புகள் காணாமல் போகின்றன. பள்ளத்தை எழுத்தில் ஒப்படைக்கும் நிமிடம் வரை பொறுப்பு முதல் துறையுடையது, அதன் பின் இரண்டாம் துறையுடையது. நடுவில் ஒரு இரவுகூட யாருடையதும் அல்லாததாக இருக்கக்கூடாது.

நாள்கணக்கு. வடகிழக்குப் பருவமழைக்காகச் சாலை வெட்டு நிறுத்தப்படும் காலத்துக்கு முன் எல்லாம் மூடியிருக்க வேண்டும், அதாவது செப்டம்பர் 30. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாம் சொன்ன 300 மீட்டர் தெருவுக்கு, எங்கள் அனுபவ அளவில், சாலைக்கு ஒரு வாரம், மின்வடத்துக்கும் இழைக் கம்பிக்கும் ஒரு வாரம், குடிநீருக்கு மூன்று வாரம். ஒரு பக்க வடிகாலுக்கு எட்டு வாரம் வேண்டும், கான்கிரீட்டை நனைத்து வைக்கும் ஏழு முதல் பத்து நாளைத் திருடாமல். சாக்கடைக்கு நாளைக்கு எட்டு மீட்டர் வீதம் ஆறு வாரம். சாக்கடை தொடங்கி இரண்டு வாரத்தில் வடிகாலைப் பின்னாலேயே தொடங்கலாம். சோதனைக் குழிக்கும் வரைபடத்துக்கும் மூன்று வாரம், எதிர்பாராததற்கு நான்கு வாரம். கூட்டினால் 22 வாரம். ஏப்ரல் இறுதிக்குள் முதல் குழி தோண்டாத தெருவில் அந்த ஆண்டு எல்லாம் முடியாது. முடியாது என்று தெரிந்த தெருவைத் திறக்காமல் அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கும் துணிவும் திட்டமிடலில் சேர்ந்ததுதான்.

கடலோரப் பகுதிகளுக்கு ஒரு வார்த்தை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணல் தெருக்களில் நீர்மட்டம் மேலே இருக்கும். பள்ளத்திலிருந்து இறைக்கும் தண்ணீரைப் பக்கத்து மேன்ஹோலுக்குள் விடாதீர்கள். அதோடு போகும் மணல் சாக்கடையை அடைக்கும். வண்டல் தொட்டி வழியாக மழைநீர் வடிகாலுக்கு விடுங்கள், தொட்டியைத் தினமும் அள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை தெருவிலேயே, நின்றபடி, அரைமணி நேரம் கூடுங்கள். வர வேண்டியவர்கள் ஒவ்வொரு துறையின் உதவிப் பொறியாளரும் தள மேற்பார்வையாளரும். மேலதிகாரிகள் வந்தால் பேச்சு விளக்கமாக மாறிவிடுகிறது. சென்ற வாரம் யார் என்ன வாக்குக் கொடுத்தார், முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் என்பதை முதலில் பேசுங்கள். காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஜல்லி வரவில்லை, லைன் கிளியர் கிடைக்கவில்லை, ஆள் இல்லை, வரைபடத்தில் இல்லாத குழாய். இரண்டு மாதத்தில் அந்த நோட்டைப் பார்த்தால் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். தண்டம் போடுவதைவிட அந்த ஒரு காரணத்தை நீக்குவது வேலையை வேகப்படுத்தும். கட்டுமானத்தில் 1990-களில் உருவான "கடைசித் திட்டமிடுபவர்" முறையின் சாரமும் இதுதான்: வேலையைக் கையால் செய்விப்பவரே அடுத்த வாரத்துக்கான வாக்கைத் தர வேண்டும்.

வாட்ஸ்அப் குழு தகவலுக்கு நல்லது. முடிவுக்கு அது இடமல்ல. குழுவில் வந்த வரைபடத்தின் படத்தை வைத்துக் கம்பி கட்டி, திருத்திய வரைபடம் மறுநாள் வந்தால் இழப்பு யாருக்கு? தெருமுனைப் பலகையில் எண்ணும் தேதியும் போட்ட ஒரே தாள் ஒட்டியிருக்கட்டும். திருத்தம் வந்தால் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். தெருவாசிகளும் அதைப் படிக்கலாம். அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதையும் இங்கேயே சொல்கிறோம். வீட்டுத் தொட்டி எங்கே, பழைய குழாய் எந்தப் பக்கம் போகிறது, எந்த மூலையில் தண்ணீர் முதலில் நிற்கும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் வீட்டுக்காரர் நினைவில் இருக்கிறது. குழி தோண்டுவதற்கு முந்தைய நாள் 60 வாசலிலும் கேட்டால் பாதி வரைபடம் கையில் வந்துவிடும்.

எல்லாத் தெருவிலும் ஒரே ஆண்டில் இதைச் செய்யச் சொல்லவில்லை. மண்டலத்துக்கு ஒரு தெரு, மொத்தம் 15. அந்தத் தெருவுக்கு நடுவரைப் போல ஒரு பொறியாளரை நியமியுங்கள். எந்தத் துறையைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும், ஆனால் "இன்று நிறுத்து, நாளை தோண்டு" என்று எல்லா ஒப்பந்தக்காரருக்கும் சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்து வருபவரின் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்ற வரியையும், சோதனைக் குழிக்கான இனத்தையும் அந்த 15 எஸ்டிமேட்டிலும் இப்போதே சேருங்கள். டெண்டர் போன பிறகு சேர்க்க முடியாது.

முதல் குழி தோண்டும் தேதியைச் சொன்னால், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் எடுத்துக்கொண்டு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னைத் தெருப்பணிகளில் உழைத்தவர்களும் உழைப்பவர்களுமான சிலர்